என் மகன் தன் இரட்டையை விழுங்கிவிட்டானா?

கேள்வி: எனக்கு வயது 29. சிங்கப்பூரில் உட்லண்ட்ஸில் வசிக்கிறேன். கணவர் என் அத்தை மகன். எங்கள் முதல் குழந்தைக்கு இப்போது ஐந்து மாதம். பிறந்தபோதே ஒரு பக்க விரை இறங்கியிருக்கவில்லை. சிறுநீர்த் துளையும் ஆண்குறியின் நுனியில் இல்லாமல் அடிப்பக்கத்தில் இருக்கிறது. ரத்தத்தில் 30 செல்களைப் பார்த்ததில் 18 செல்கள் 45,எக்ஸ் என்றும் 12 செல்கள் 46,எக்ஸ்ஒய் என்றும் அறிக்கை வந்திருக்கிறது. டாக்டர் இதை ‘மொசைக்’ என்றார். இணையத்தில் தேடினால் ‘கைமீரா’ என்று வருகிறது. கூட உண்டான இரட்டையை வயிற்றிலேயே விழுங்கிவிட்ட குழந்தைக்குத்தான் இப்படி ஆகும் என்று எழுதியிருக்கிறார்கள். படித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. கிரகணத்தன்று நான் வெளியே போனதுதான் காரணம் என்கிறார் அத்தை. சொந்தத்தில் கொடுத்தது தப்பு என்கிறார் என் அம்மா. சென்னைக்குக் கூட்டி வாருங்கள், ஒரே ஆபரேஷனில் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்கிறார் தஞ்சாவூர்ச் சித்தப்பா. 60 சதவீதம் பெண், 40 சதவீதம் ஆண் என்றால் என் பிள்ளை யார்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தூக்கத்தைக் கெடுத்த கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் மகன் யாரையும் விழுங்கவில்லை. உங்கள் வயிற்றில் உண்டானது ஒரே கரு. மரபுச் செய்தியைச் சுமக்கும் குரோமோசோம்கள் ஒரு செல்லில் பொதுவாக 46 இருக்கும்; அவற்றில் பாலினத்தோடு தொடர்புடையவை ஆண்களுக்குப் பொதுவாக ஒரு எக்ஸ், ஒரு ஒய்; பெண்களுக்கு இரண்டு எக்ஸ். அந்தக் கருவின் ஒரு செல் இரண்டாகப் பிரிந்தபோது ஒய் குரோமோசோம் ஒரு பக்கம் போய்ச் சேரவில்லை. ஒய் கிடைக்காத செல்லின் வழியில் வந்தவைதான் அறிக்கையில் 45,எக்ஸ் என்று குறிக்கப்பட்ட செல்கள். கிடைத்ததன் வழியில் வந்தவை 46,எக்ஸ்ஒய். இரண்டு வகைக்கும் மூலம் ஒன்றே. மொசைக் என்று உங்கள் டாக்டர் சொன்னது சரி.

பழைய ஏட்டுச்சுவடியைப் படியெடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எழுதுபவர் ஓரிடத்தில் ஓர் ஏட்டை விட்டுவிட்டால், அந்தப் படியைப் பார்த்து எழுதிய அத்தனை படிகளிலும் அந்த ஏடு இருக்காது. மற்றப் படிகளில் இருக்கும். நூல் என்னவோ ஒன்றுதான். மொசைக் நிலை இப்படிப்பட்டது. இரண்டு வேறு நூல்களின் ஏடுகள் கலந்து ஒரே கட்டாகக் கட்டப்பட்டிருந்தால் அது கைமீரா. ஆய்வகத்தில் இரண்டையும் பிரித்தறிவது கடினமில்லை. நம் டிஎன்ஏவில் ஆளுக்கு ஆள் மாறுபடும் சில இடங்கள் உண்டு. ஒருவரிடம் அந்த இடங்களில் அப்பா தந்த வடிவம் ஒன்றும் அம்மா தந்த வடிவம் ஒன்றுமாக, மிஞ்சிப்போனால் இரண்டுதான் தென்படும். கைமீராவில் பல இடங்களில் மூன்று அல்லது நான்கு வடிவங்கள் தென்படும். ஊடுபால் நிலையோடு, அதாவது ஆண், பெண் என்ற வழக்கமான உடலமைப்பில் அடங்காத பிறவி நிலையோடு பிறக்கும் கைமீராக்களின் அறிக்கையில் பெரும்பாலும் 46,எக்ஸ்எக்ஸ், 46,எக்ஸ்ஒய் என்ற இரண்டு வரிசைகள் இருக்கும். உங்கள் மகனின் அறிக்கையில் எக்ஸ்எக்ஸ் வரிசையே இல்லை.

ஒய் எப்படித் தொலைகிறது? செல் பிரியும்போது குரோமோசோம்கள் எல்லாம் நடுவில் வரிசைகட்டி நிற்கும். இரு முனைகளிலிருந்தும் வரும் கதிர் இழைகள் அவற்றைப் பற்றி இழுத்து, ஆளுக்கு ஒரு தொகுதியாகப் பிரித்துக்கொள்ளும். அப்போது ஒரு குரோமோசோம் பின்தங்கிவிட்டால் எந்த உட்கருவிலும் சேராமல் அழிந்துவிடும். சில சமயம் இரண்டு ஒய்யும் ஒரே பக்கம் போய்விடுவதும் உண்டு. அப்போது 47,எக்ஸ்ஒய்ஒய் என்ற மூன்றாவது வகைச் செல்லும் தென்படலாம். இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைத்தான் நீங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டும். ஒய் குரோமோசோமே வடிவம் மாறி, கதிர் இழை பற்றும் இடம் அதில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டாக அமைந்துவிடுவது உண்டு. அப்படிப்பட்ட ஒய்யை இரு பக்கமும் இழுப்பதால் அது பிரிவுக்குப் பிரிவு தொலைந்துபோகும் வாய்ப்பு அதிகம். “ஒய்யின் வடிவத்தைத் தனியாகப் பார்த்தீர்களா?” என்று கேளுங்கள். அடுத்த பிள்ளையைப் பற்றிப் பேசும்போதும் இந்தப் பதில் உதவும்.

இனி அந்த 60, 40 கணக்கு. 45,எக்ஸ் செல்லைப் பெண் செல் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது ஒய்யை இழந்த செல், அவ்வளவுதான். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் அவற்றின் மீதுள்ள பயம் பாதி குறைந்துவிடும். குழந்தையிடமிருந்து எடுத்த சில மில்லிலிட்டர் ரத்தத்தில் உள்ள வெள்ளணுக்களை ஆய்வகத்தில் மூன்று நாள் வளர்ப்பார்கள். அவை பிரிய ஆரம்பித்ததும், கதிர் இழைகளைச் செயலிழக்க வைக்கும் ஒரு மருந்தைச் சேர்ப்பார்கள். குரோமோசோம்கள் வரிசைகட்டிய நிலையில் செல்கள் அப்படியே நின்றுவிடும். கோல்சிசின் குடும்பத்தைச் சேர்ந்த மருந்து அது. கார்த்திகையில் பூக்கும் நம் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ள நஞ்சுதான் கோல்சிசின். பிறகு உப்புச்சத்துக் குறைந்த நீரில் செல்லை ஊதவைத்து, கண்ணாடித் தகட்டில் சொட்டிச் சாயமேற்றுவார்கள். ஒருவர் நுண்ணோக்கியில் கண் வைத்து, ஒவ்வொரு செல்லாக எண்ணுவார். உங்கள் மகனுக்கு 30 செல்களை எண்ணியிருக்கிறார்கள். பத்தில் ஒரு பங்காவது இருக்கும் இன்னொரு வகை கண்ணில் படாமல் போகாது என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல அந்த எண்ணிக்கை போதும்.

ஆனால் அவை ரத்தத்தின் வெள்ளணுக்கள் மட்டுமே. கன்னத்தின் உட்புறத்தில் வழித்தெடுத்தால் விகிதம் வேறாக இருக்கலாம், தோலில் வேறு, விரையில் வேறு. ரத்தத்தில் 60 சதவீதம் என்பதால் உடம்பில் 60 சதவீதம் என்று ஆகாது. எண்ணைப் பார்த்துக் குழந்தையின் உடலமைப்பைச் சொல்லவும் முடியாது. கருவிலிருக்கும்போது பனிக்குட நீர்ச் சோதனையில் தற்செயலாக இதே 45,எக்ஸ்/46,எக்ஸ்ஒய் முடிவு வந்த குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெளித்தோற்றத்தில் வழக்கமான ஆண் குழந்தைகளாகவே பிறந்திருக்கிறார்கள். இதே முடிவோடு பெண்ணாகப் பிறந்து, உயரம் போதாமல் டாக்டரிடம் போகும்போதுதான் விஷயம் தெரியவருகிறவர்களும் உண்டு. நீங்கள் கேட்ட ‘என் பிள்ளை யார்’ என்ற கேள்விக்கு அந்த அறிக்கையில் பதில் கிடையாது. இப்போது அவன் உங்கள் மகன், அப்படியே வளருங்கள். தான் யார் என்பதை வளர்ந்தபின் அவனே சொல்வான்.

அவனுக்கு ஒரு பக்கம் ஒரு மாதிரியும் மறு பக்கம் வேறு மாதிரியும் இருப்பதற்குக் காரணம் உண்டு. கருவின் ஆறாவது, ஏழாவது வாரம் வரை எல்லாக் குழந்தைக்கும் பாலினச் சுரப்பி ஒரே மாதிரிதான். 1990ல் கண்டுபிடிக்கப்பட்ட எஸ்ஆர்ஒய் என்ற மரபணு ஒய்யில் இருக்கிறது. அது வேலைசெய்யும் செல்கள் போதுமான அளவில் சேர்ந்தால் சுரப்பி விரையாகிறது. எக்ஸ்எக்ஸ், எக்ஸ்ஒய் கருக்களைச் சேர்த்து உருவாக்கிய எலிகளில் பெரும்பாலானவை ஆணாகவே வளர்ந்தன. எக்ஸ்ஒய் செல்கள் எல்லாமாக இருக்க வேண்டியதில்லை, ஒரு பங்கு இருந்தாலே விரை உருவாகிவிடுகிறது. ஒரு பக்கச் சுரப்பியில் அந்தப் பங்கு கிடைத்து, மறு பக்கத்தில் கிடைக்காமல் போனால், அங்கே விரையும் இங்கே வளர்ச்சியடையாத ஒரு நார்த்துண்டும் மிஞ்சும். இதுதான் மருத்துவர்கள் பொதுவாகத் தரும் விளக்கம். விரை சுரக்கும் ஹார்மோன்கள், பின்னர் இனப்பெருக்க உறுப்புகளாக வளரும் உட்குழாய்களைப் பொறுத்தவரை தன் பக்கத்தில்தான் வேலைசெய்கின்றன. இதை 1940களில் பிரான்சின் அல்ஃப்ரெட் ஜோஸ்ட் முயல் கருக்களில் காட்டினார். அதனால் விரை இல்லாத பக்கத்தில் கருக்குழாயும் சிறு பாதிக் கருப்பையும் தங்கியிருக்கலாம். ஸ்கேனிலோ வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும்போதோ அப்படி ஒன்று இருப்பதாகச் சொன்னால் திடுக்கிடாதீர்கள். முன்கூட்டியே இதை எழுதுவது அதற்காகத்தான்.

கைமீராவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் நீங்கள் படித்தது பாதி உண்மை, பாதி கற்பனை. இரண்டு சினைமுட்டைகள் இரண்டு விந்தணுக்களோடு கூடி உண்டான இரு கருக்கள், சில நாள் வயதிலேயே ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே குழந்தையாக வளர்வது உண்டு. அந்த நிலையில் கரு என்பது கண்ணுக்குத் தெரியாத சில செல்களின் திரள். கையும் காலும் முகமும் கொண்ட ஒரு குழந்தை இன்னொன்றைத் தின்பதாக எழுதுபவர்கள் பயமுறுத்துவதற்கென்றே எழுதுகிறார்கள். எக்ஸ்எக்ஸும் எக்ஸ்ஒய்யும் கலந்த ஒரு குழந்தை இரட்டைக் கருத்தரிப்பால் உண்டானது என்று 1962ல் அமெரிக்காவின் சியாட்டிலில் முதலில் நிறுவினார்கள். அந்தக் குழந்தையின் இரு கண்களும் வெவ்வேறு நிறம். 1998ல் எடின்பரோவிலிருந்து இன்னொரு குழந்தையைப் பற்றிய அறிக்கை வந்தது. செயற்கைக் கருத்தரிப்பில் பிறந்த ஆண் குழந்தை அது. விரை இறங்கவில்லை என்று பார்க்கப்போன இடத்தில் சினைப்பையும் கருக்குழாயும் இருந்தன. ஒரே சினைமுட்டைக்குள் இரண்டு விந்தணுக்கள் நுழைவதாலும் கைமீரா உண்டாகலாம். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் பிறந்த அப்படிப்பட்ட இரட்டையர் பற்றி 2019ல் வெளியிட்டார்கள். அம்மா பக்க மரபில் இருவரும் ஒன்று. அப்பா பக்கத்தில் 78 சதவீதம் பொருத்தம். ஒருவர் ஆண், மற்றவர் பெண்.

இத்தனைக்கும் ஊடுபால் நிலைகளில் கைமீரா மிகச் சிறிய பங்கு. சினைப்பைத் திசுவும் விரைத் திசுவும் ஒரே உடலில் இருப்பவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டோருக்கு 46,எக்ஸ்எக்ஸ் என்ற ஒரே வகைதான் இருக்கும். மறுபுறம், எக்ஸ்எக்ஸ், எக்ஸ்ஒய் இரண்டும் கலந்திருந்தும் தோற்றத்தில் எந்த மாறுதலும் இல்லாமல், வேறு எதற்கோ ரத்தம் கொடுத்தபோது தெரிந்துகொண்டவர்களும் இருக்கிறார்கள்.

ஓர் உடலில் இரண்டு வகைச் செல் என்றாலே விபரீதம் என்று நினைக்கிறீர்கள், அதுவும் அப்படியல்ல. 1953ல் இங்கிலாந்தில் ரத்ததானம் செய்ய வந்த ஒரு பெண்ணின் ரத்தத்தில் ஏ வகையும் ஓ வகையும் சேர்ந்தே இருந்தன. கூடப் பிறந்து கைக்குழந்தையிலேயே இறந்துபோன இரட்டைச் சகோதரனின் ரத்தம் அவர் உடலில் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது. ஆண் குழந்தையைப் பெற்ற தாயின் ரத்தத்தில் பிரசவத்துக்கு 27 ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தக் குழந்தையின் வழிவந்த செல்கள் இருந்ததை 1996ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. உங்கள் ரத்தத்திலும் உங்கள் மகனின் செல்கள் இருக்கக்கூடும். ஒய்யை இழப்பதோ முதுமையில் சர்வசாதாரணம். பிரிட்டனில் இரண்டு லட்சம் ஆண்களைப் பார்த்த ஆய்வில், 70 வயதானவர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் ரத்தச் செல்களில் ஒரு பகுதி ஒய்யை இழந்திருந்தது. அது வயதான ரத்தத்தில் மட்டும் நடப்பது, உங்கள் மகனுக்கு நடந்தது கருவின் தொடக்கத்தில். இரண்டிலும் குரோமோசோம் தொலையும் விதம் ஒன்றுதான். யாருடைய பாவமும் அதில் இல்லை.

கிரகணத்துக்கு வருகிறேன். இந்தப் பிசகு பெரும்பாலும் கரு உண்டான முதல் சில நாள்களுக்குள் நடப்பது; மாதவிலக்குத் தள்ளிப்போகும் முன்பே, நீங்கள் கர்ப்பம் என்று உங்களுக்கே தெரியும் முன்பே நடந்து முடிந்துவிட்டது. அதன் பிறகு நீங்கள் எங்கே போனீர்கள், பப்பாளி சாப்பிட்டீர்களா, வேலைக்குப் போனீர்களா என்பதெல்லாம் கணக்கிலேயே வராது. உங்கள் வயதுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அத்தை பயத்தில்தான் காரணம் தேடுகிறார் என்று நினைக்கிறேன். அவரோடு சண்டை வேண்டாம். ஆனால் அந்தப் பழியை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளவும் வேண்டாம்.

சொந்தத்தில் திருமணம் பற்றி உங்கள் அம்மா சொல்வதை இவ்வளவு எளிதாக ஒதுக்க மாட்டேன். அப்பா, அம்மா இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே மரபணுக் கோளாறு பிள்ளையில் கூடி வெளிப்படும் நோய்கள் உண்டு. ஊடுபால் நிலைகளிலும் அப்படிச் சில இருக்கின்றன: அட்ரினல் சுரப்பி பிறவியிலேயே பெருத்துப்போவது ஒன்று, டெஸ்டோஸ்டிரோன் தன் வீரியமான வடிவுக்கு மாற முடியாமல் போவது இன்னொன்று. சொந்தத்தில் மணந்தவர்களுக்கு அவை வரும் வாய்ப்பு கூடுதல்தான். ஒரு பிள்ளைக்கு வந்தால் அடுத்த பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. உங்கள் மகனுக்கு வந்தது அந்த வகை அல்ல. ஒய் தொலைந்ததற்கும் உங்கள் கணவர் உங்களுக்கு என்ன உறவு என்பதற்கும் சம்பந்தமே கிடையாது. அம்மாவிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

அடுத்து ஆபரேஷன். இங்கே நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். “ஒரே ஆபரேஷனில் எல்லாம்” என்று யார் சொன்னாலும் எல்லாம் என்பது எவையெவை என்று பிரித்துக் கேளுங்கள். வயிற்றுக்குள் நார்த்துண்டாகத் தங்கிய சுரப்பியில் ஒய் செல்கள் இருந்தால் புற்றுக்கு முன்னோடியான கொனாடோபிளாஸ்டோமா என்ற கட்டி வரும் அபாயம் உண்டு. 2006ல் வெளியான சர்வதேச மருத்துவ உடன்பாட்டு அறிக்கை இந்த வகைச் சுரப்பிகளுக்கு அந்த அபாயத்தை 15 முதல் 35 சதவீதம் என்று குறித்தது. வேலைசெய்யாத, அபாயமுள்ள அந்தச் சுரப்பியை அகற்றச் சொன்னால் அது குழந்தையின் உயிரைக் காக்கும் யோசனை, தயங்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். இறங்கியிருக்கும் விரை வேறு விஷயம். ஹார்மோன் சுரக்கக்கூடிய உறுப்பு அது. தொட்டுப் பார்க்கவும் ஸ்கேன் செய்யவும் வாகான இடத்தில் இருக்கிறது. அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு கண்காணிக்கலாம். சிறுநீர்த் துளையை நுனிக்குக் கொண்டுவரும் அறுவைச் சிகிச்சையை ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் செய்வதுதான் வழக்கம். சிறுநீர் தடையில்லாமல் போகிறது, தொற்று இல்லை என்றால் அதில் அவசரம் எதுவும் கிடையாது. இப்போது செய்தால் என்ன நன்மை, அவன் வளரும்வரை பொறுத்தால் என்ன நஷ்டம் என்று மருத்துவரைக் கேளுங்கள். பதிலைக் கேட்டபின் யோசிக்க அவகாசமும் கேளுங்கள். தோற்றத்துக்காக மட்டும் செய்யும் எதையும் நான் தள்ளிவைக்கவே சொல்வேன். உடம்பு அவனுடையது, வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

சித்தப்பாவுக்கு ஒரு தகவல். ஊடுபால் குழந்தைகளுக்குப் பாலினத்தை மாற்றியமைக்கும் அறுவைச் சிகிச்சைகளைத் தடைசெய்ய வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, உயிருக்கு ஆபத்தான சூழல் தவிர மற்றபடி அவற்றைத் தடைசெய்து ஆணை வெளியிட்டது. ஆகவே அவர் நினைப்பதுபோல் சென்னையில் முடித்துவிட்டு வரும் காரியமல்ல இது. சிங்கப்பூரிலேயே இருங்கள். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் மரபியல் பிரிவும் குழந்தைகள் ஹார்மோன் பிரிவும் இருக்கின்றன. அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒருவரை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல் இவர்கள் அனைவரும் சேர்ந்து பேசிய பிறகு முடிவெடுங்கள். செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மெடிஷீல்டு லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்புறுதி பிறவிக் கோளாறுகளையும் சேர்த்தே காக்கிறது என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை செய்யவில்லை என்றால் இதயத்துக்கு எக்கோவும் சிறுநீரகத்துக்கு ஸ்கேனும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். 45,எக்ஸ் செல்கள் உள்ள குழந்தைகளில் மகாதமனியிலும் சிறுநீரக அமைப்பிலும் மாறுதல் இருக்கலாம். ஆபரேஷன் பேச்சு பெரிதாக எழும்போது இந்தச் சாதாரண ஸ்கேன்கள் மறந்துபோவதைப் பார்க்கிறேன். வளர்ச்சிப் பதிவேட்டில் அவன் உயரத்தைத் தவறாமல் குறித்து வாருங்கள். குறைந்தால் வளர்ச்சி ஹார்மோன் பற்றிப் பேசலாம். பருவ வயதில் அவன் விரையே போதுமான ஹார்மோனைச் சுரக்கலாம், இல்லையென்றால் மருந்தாகத் தரலாம். பிற்காலத்தில் அவன் குழந்தை பெறுவது கடினமாக இருக்கலாம் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. இந்த நிலை உள்ளவர்களின் அறிவுத்திறன் பொதுவாக எல்லாரையும் போலத்தான்.

அடுத்த பிள்ளைக்கும் இப்படி வரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஒய்யின் வடிவத்தில் மாறுதல் தெரிந்தால் மட்டும் உங்கள் கணவரின் ரத்தத்தையும் பார்க்கச் சொல்லலாம். அடுத்த கர்ப்பத்தில் தாயின் ரத்தத்தைக் கொண்டு செய்யும் குரோமோசோம் சோதனையை எடுத்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அது படிப்பது நச்சுக்கொடியிலிருந்து வரும் டிஎன்ஏவை. நச்சுக்கொடியில் மட்டும் மொசைக் இருந்து, குழந்தையிடம் இல்லாமலும் போகலாம். அந்த முடிவை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் தீர்மானிக்கக் கூடாது.

யாரிடம் எவ்வளவு சொல்வது என்பதும் உங்களுக்குச் சீக்கிரமே வரப்போகும் கேள்வி. நீங்கள் வேலைக்குத் திரும்பி, குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் அவனை விடும்போது டயப்பர் மாற்றுபவர் கவனிப்பார். “சிறுநீர்த் துளைக்குச் சிகிச்சை பாக்கியிருக்கிறது, டாக்டர் பார்த்துவருகிறார்” என்றால் போதும். குரோமோசோம் விவரம் அவருக்குத் தேவையில்லை. உங்கள் மகனிடம் மட்டும் மறைக்காதீர்கள். நாலைந்து வயதில் அவன் உடம்பைப் பற்றிக் கேட்கும் சின்னக் கேள்விக்குச் சின்ன உண்மையைச் சொல்லுங்கள். வயது கூடக் கூட விவரத்தையும் கூட்டுங்கள். ஒரு காலத்தில் மருத்துவர்களே பெற்றோரிடம் மறைக்கச் சொன்னார்கள். வளர்ந்தபின் தன் மருத்துவக் கோப்பைத் தானே படித்துத் தெரிந்துகொண்டவர்கள், மறைத்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை என்கிறார்கள். எல்லா அறிக்கைகளையும் ஒரு கோப்பில் சேர்த்து அவனுக்காக வையுங்கள்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது கணவரோடு அத்தையையும் அழைத்துப் போங்கள். கேள்விகளை முன்பே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: ஒய்யின் வடிவம் எப்படி, இறங்காத பக்கத்தில் இருப்பது என்ன, இதயமும் சிறுநீரகமும் பார்த்தாயிற்றா, எந்த அறுவைச் சிகிச்சை எதற்காக, எது காத்திருக்கலாம். தமிழில் விளக்க ஆள் வேண்டும் என்றால் சந்திப்பை உறுதிசெய்யும்போதே சொல்லிவிடுங்கள். கிரகணத்தைப் பற்றி அத்தை அங்கேயே மருத்துவரிடம் நேரடியாகக் கேட்கட்டும்.

அன்புடன்,
உங்கள் மரபியல் ஆலோசகர்